கடைவாய்ப் பல் சொத்தைக்கு வெள்ளை பில்லிங் தாங்குமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை. ஒன்றில் நடுவே கறுப்பாக ஒரு புள்ளி, வலி எதுவும் இல்லை. இன்னொன்றில் பக்கத்துப் பல்லோடு சேரும் இடுக்கில் சாப்பாடு மாட்டுகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. கடலூரில் பார்த்த டாக்டர் பல் நிறத்திலேயே அடைத்துவிடலாம் என்றிருக்கிறார். மாமியாரோ, "வெள்ளை சிமெண்ட் ரெண்டு வருஷத்துல பேந்துடும்மா, வெள்ளி அடைச்சுக்கோ, எனக்குப் போட்டு முப்பது வருஷம் ஆச்சு" என்கிறாராம். ஏழு வயது மகனுக்கும் பால்பல்லில் சொத்தை. எதைப் போடுவது, எவ்வளவு நாள் உழைக்கும், வலிக்குமா, செலவு என்ன ஆகும், விழப்போகிற பல்லுக்கு எதற்கு அடைப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் உங்கள் மாமியார் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நான் கடலூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். முப்பது வருஷத்து வெள்ளி அடைப்பு அசையாமல் உட்கார்ந்திருக்கும் வாய்களையும் பார்க்கிறேன், போன வருஷம் போட்ட வெள்ளை பில்லிங் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருகிறவர்களையும் பார்க்கிறேன். அப்படி வரும் துண்டுகளில் பொருளின் குறை என்று சொல்லத்தக்கது அபூர்வம். வைத்த நேரத்தில் பல்லில் எச்சில் பட்டிருக்கும். இல்லாவிட்டால் அந்தப் பெரிய ஓட்டைக்கு வெறும் அடைப்பே போட்டிருக்கக் கூடாது. எந்தப் பல்லில், எவ்வளவு நிதானமாக வைத்தார்கள் என்பதுதான் வெள்ளை பில்லிங்கின் ஆயுள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், வெள்ளையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஜிஐசி எனப்படும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சன், கென்ட் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. பொடியையும் திரவத்தையும் தட்டில் வைத்துக் குழைத்து அடைப்பார்கள், சில நிமிடங்களில் இறுகிவிடும். பல்லோடு தானாகவே ஒட்டும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடை மெல்ல மெல்ல வெளிவிடும். இவ்வளவு நல்ல குணம் இருந்தும், கடித்து அரைக்கிற இடத்தில் வைத்தால் தேயும், ஓரம் சிதறும். மாமியார் சொல்லும் "ரெண்டு வருஷத்து வெள்ளை சிமெண்ட்" இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது கம்போசிட். லைட் அடித்து இறுக வைக்கிறார்களே, அது. ஒரு வகைப் பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்தது. அமெரிக்காவில் ரபேல் போவன் என்பவர் 1962இல் காப்புரிமை பெற்ற பிசின்தான் இன்றைக்கும் கடைகளில் கிடைக்கும் பல கம்போசிட்டுகளுக்கு அடிப்படை. அது பல்லில் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு அதற்கும் முந்திய ஒரு கதை உண்டு. இரும்பில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க, முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் மேற்பரப்பைப் பக்குவப்படுத்துவது தொழிற்சாலை வழக்கம். இதையே பல்லின் மேலோடான எனாமலில் செய்தால் என்ன என்று மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவர் 1955இல் செய்து காட்டினார். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்கள் உண்டாகின்றன, பிசின் அதற்குள் இறங்கி இறுகிக்கொள்கிறது. உங்கள் டாக்டர் சொன்னது இந்தக் கம்போசிட்டைத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் "ஜிஐசியா, கம்போசிட்டா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இனி வெள்ளி. அமால்கம் என்பது வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியில் பாதரசத்தைச் சேர்த்துக் குழைப்பது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் வாயிலும் வைக்கலாம், கடிக்கு அசராது, விலையும் குறைவு. மாமியாருக்கு முப்பது வருஷம் தாங்கியதில் ஆச்சரியமே இல்லை. குறை என்னவென்றால், அது பல்லில் ஒட்டாது. உள்ளே அகலமாகவும் திறப்பில் குறுகலாகவும் குழி எடுத்து, அதில் மாட்டி நிற்க வைக்க வேண்டும். அதற்காகச் சொத்தை இல்லாத நல்ல பல்லையும் கொஞ்சம் குடைந்தாக வேண்டும். கம்போசிட்டுக்கு அது தேவையில்லை, கெட்டதை மட்டும் எடுத்தால் போதும். நான் வெள்ளைப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான், அழகு அப்புறம். கீழ்க் கடைவாய்ப் பல்லை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

பாதரசம் பற்றியும் கேட்பீர்கள். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களைப் பாதித்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் ஓர் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது, 2017இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2018இல் அதை உறுதி செய்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு விவகாரம் நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளி அடைப்பைப் படிப்படியாகக் குறைப்பது அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. 15 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் வேண்டாம் என்று 2022இல் முடிவெடுத்துச் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து மிக அவசியமான சில நேரங்களைத் தவிர நிறுத்தியே விட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு மாமியாரைக் கூட்டிப் போய் அந்தப் பழைய அடைப்பை எடுக்கச் சொல்லிவிடாதீர்கள். நன்றாக இருக்கும் வெள்ளி அடைப்பை நோண்டாமல் விடுவதே நல்லது. அதைக் குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வரும்.

சரி, உங்கள் இரண்டு பற்களுக்கு வருவோம். கறுப்புப் புள்ளி சின்னது என்பதால் சொத்தையும் சின்னது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனாமல் மிகக் கெட்டியானது, அதில் கிருமியின் அமிலம் ஊசித் துளை அளவுக்கே வழி போடும். அதைத் தாண்டி டென்டின் என்ற, எனாமலைவிட மென்மையான அடுக்குக்கு வந்ததும் பக்கவாட்டில் பரவும். மேலே கடுகளவு, உள்ளே நிலக்கடலை அளவு என்பது எங்களுக்கு அன்றாடக் காட்சி. அதே சமயம், எல்லாக் கறுப்பும் சொத்தை இல்லை. பள்ளத்தில் கறை மட்டும் படிந்து, கெட்டியாக, வருஷக்கணக்கில் அப்படியே நிற்பதும் உண்டு. அதை அடைக்கவே வேண்டாம், கண்காணித்தால் போதும். எதுவென்று சொல்ல எக்ஸ்ரே வேண்டும். அடைக்கப் போகிற பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் அதைக் காசு பறிப்பு என்று நினைக்க வேண்டாம். உங்கள் இரண்டாவது பல் மாதிரி இடுக்குச் சொத்தைக்கு எக்ஸ்ரே இல்லாமல் ஆழம் தெரியவே தெரியாது.

அந்த இரண்டாவது பல்தான் நிஜமான வேலை. இரண்டு பல் சேரும் சுவரே போயிருக்கும், அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். குளிர்ச்சி பட்டதும் கூசி, தண்ணீர் போனதும் சட்டென்று நின்றுவிடுகிறதா? அப்படியானால் நரம்பு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம், அடைத்தால் சரியாகும். சூடு பட்டு வலி தொடங்கி நிமிஷக்கணக்கில் நீடித்தால், ராத்திரி படுத்ததும் விண் விண்ணென்று தெறித்தால், எதுவும் படாமலே வலித்தால், அடைப்பு போதாது, ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சைதான். வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுகிறவர்கள் ஆயிரத்தில் முடிய வேண்டியதை வேர் சிகிச்சை, கேப் என்று பல மடங்கு செலவுக்கு இழுத்து விடுகிறார்கள்.

நாற்காலியில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயம் பாதி குறையும். முதலில் பல்லின் நிறம் பார்ப்பார்கள். ஒரு பட்டையில் வரிசையாகச் செருகிய போலிப் பற்களை உங்கள் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து ஏ2, ஏ3 என்று ஏதாவது குறிப்பார்கள். இதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் போனால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அப்போது எடுத்த நிறம் பொருந்தாது. முடிந்த கையோடு கண்ணாடியில் பார்த்து "பல் வெள்ளையா இருக்கு, அடைப்பு மஞ்சளா இருக்கே டாக்டர்" என்பார்கள். பல் எச்சிலில் ஊறட்டும், மறுநாள் பாருங்கள்.

அப்புறம் மரத்துப்போக ஊசி. மேலோட்டமான சொத்தைக்கு ஊசி இல்லாமலே முடியும். உங்கள் இடுக்குச் சொத்தைக்குப் போட்டுக்கொள்வதுதான் நிம்மதி. கீழ்ப் பல்லுக்குப் போடும் ஊசியில் அந்தப் பக்க உதடும் பாதி நாக்கும் மரத்துவிடும். ஊசி குத்தும் அந்தச் சில நொடிதான் வலி, அதற்குப் பிறகு தண்ணீரும் அதிர்வும்தான். சொத்தையைக் குடையும்போது ஆழத்தில் நரம்புக்கு மிக அருகில் கொஞ்சம் மெத்தென்ற பகுதியை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. முழுக்கச் சுரண்டப்போய் நரம்பைத் திறந்துவிடுவதைவிட, சுற்றிலும் விளிம்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு மேலே காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே இருக்கும் கிருமி தீனி இல்லாமல் அடங்கிவிடும். "டாக்டர் முழுசா எடுக்கல" என்று பயப்படாதீர்கள்.

இடுக்குப் பல்லைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றைக் கட்டி, அடியில் சின்ன மரச் சில்லு ஒன்றை இறுக்கிச் செருகுவார்கள். ஈறில் அழுத்தும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில்லு சரியாக இருந்தால்தான் பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகச் சேரும். இல்லாவிட்டால் அடைத்த பிறகும் அதே இடத்தில் கீரையும் தேங்காய்த் துருவலும் மாட்டும். அடுத்து 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம், பெரும்பாலும் நீல நிற ஜெல். கால் நிமிஷம் இருக்கும், கழுவிவிடுவார்கள். நாக்கில் பட்டால் நல்ல புளிப்பு. காயவைத்து, ஒட்டும் திரவம் பூசி, காற்று ஊதி, லைட் அடிப்பார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அமிலம் கழுவியதிலிருந்து கடைசி அடுக்கு இறுகும்வரை எச்சிலோ, ஈறு ரத்தமோ, மூச்சின் ஈரமோ அந்தக் குழியில் படக்கூடாது. பட்டால் ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் கதைதான்: அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், மழைக்காலம் தாண்டினால் உரியும். கீழ்க் கடைவாயோ எச்சில் ஊற்றெடுக்கும் இடம், பக்கத்தில் சும்மா இருக்காத நாக்கு வேறு. அதனால்தான் ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை, பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டுவார்கள். பார்க்க என்னவோ போல் இருக்கும், ஐந்து நிமிஷத்தில் பழகிவிடும். எல்லா கிளினிக்கிலும் மாட்டுவதில்லை. பஞ்சு உருளைகளும், எச்சில் உறிஞ்சும் குழாயும், கவனமான ஒரு உதவியாளரும் இருந்தால் அதிலேயே நன்றாக முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தனி ஆளாக, ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் கருவியுமாக, வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும் சாயங்கால நேரத்தில் கீழ்க் கடைவாய்க்கு கம்போசிட் வைப்பது கஷ்டம். இதை என் தொழில்காரர்களே ஒத்துக்கொள்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். காலை முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அடைப்பையும் ஒரே உருண்டையாகத் திணிக்கக்கூடாது. சாதாரண கம்போசிட் இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக வைத்தால் சுருங்கும் வேகத்தில் விளிம்பில் விரிசல் விடும், லைட்டும் அடிவரை போகாது. ஆகவே 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு அடுக்கு, அதற்கு லைட், மறுபடி ஒரு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 20 நொடி. ஒரே தடவையில் நாலு மில்லிமீட்டர் வைக்கத்தக்க வகைகளும் இப்போது வந்துவிட்டன. நீல ஒளியை உற்றுப் பார்க்காதீர்கள், அதற்குத்தான் ஆரஞ்சு நிறத் தடுப்பு வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

கடைசியில் நீலத் தாளைக் கொடுத்து, "டக்டக்னு கடிங்க, இப்ப பக்கவாட்டுல அரைங்க" என்பார்கள். உயரமாக நிற்கும் இடத்தில் மை படும், அதைத் தேய்த்து எடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், மரத்துப்போன வாய்க்கு உயரம் தெரியாது. எல்லாரும் "சரியா இருக்கு டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போய், மரப்பு விட்டு, தோசையைக் கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டும். அப்படி இருந்தால் பழகிடும் என்று விடாதீர்கள், மறுநாளே போங்கள். இரண்டு நிமிஷ வேலை. விட்டால் பல்லைச் சுற்றி வீங்கி வலிக்கும், அடைப்பு முறியவும் செய்யும்.

லைட் அடித்த அடைப்பு அங்கேயே இறுகிவிடுவதால் அன்றைக்கே சாப்பிடலாம். ஆனால் மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், அதுவரை சூடான டீயும் மெல்லும் சாப்பாடும் வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொண்டால்கூடத் தெரியாது. ஜிஐசி போட்டிருந்தால் ஒரு நாள் அந்தப் பக்கம் கடினமாக எதையும் கடிக்காதீர்கள். குளிர்ச்சிக்குக் கொஞ்சம் கூசுவது இரண்டு வாரம் வரை இருக்கலாம், நாளாக நாளாகக் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனாலோ, கடிக்கும்போது சுரீரென்றாலோ திரும்பக் காட்டுங்கள்.

எவ்வளவு நாள் உழைக்கும்? சின்ன, ஒரே பரப்பு அடைப்பு, உங்கள் கறுப்புப் புள்ளிப் பல் மாதிரி, ஒழுங்காக வைத்தால் பத்து வருஷத்தைத் தாண்டுவது சகஜம். இடுக்குச் சுவரையும் சேர்த்துக் கட்டியது அதைவிடக் குறையலாம், ஐந்திலிருந்து பத்து வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு கெடுவதற்கு இரண்டு காரணங்கள் முக்கியம். ஒன்று உடைவது. மற்றது அதன் ஓரத்திலேயே புதுச் சொத்தை பிடிப்பது. அடைத்ததால் அந்தப் பல்லுக்கு இனி சொத்தை வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, வரும். பல்லின் முனைகள் ஒன்றிரண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தால் எந்த அடைப்பும் நிற்காது, மேலே மூடுகிற கேப் வேண்டும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியை ஓட்டோடு கடித்து உடைக்கும் ஆட்களுக்கு நான் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

கறை பிடிக்குமா என்றால், பிடிக்கும். மஞ்சள், காபி, முக்கியமாக வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கடைவாயில் அது கண்ணுக்குத் தெரியாது, முன்பல்லில் விளிம்பு கோடுபோட்டுத் தெரியும். பாலிஷ் போட்டால் ஓரளவு போகும். முன்பல்லை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து, இரண்டு வாரம் விட்டு, பிறகு அடைக்க வேண்டும். வெளுக்கும் மருந்து பல்லை மட்டும்தான் வெளுக்கும், அடைப்பின் நிறம் மாறாது.

கிராம்புத் தைலம் பற்றி ஒரு வார்த்தை. அடைக்கப் போகும்வரை வலிக்குத் தைலத்தில் நனைத்த பஞ்சை வைத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம், வலியும் கேட்கும். அதில் உள்ள யூஜினால் என்ற பொருள் கம்போசிட் பிசினை இறுக விடாது. எனவே அடைக்கிற அன்றும் முந்தின நாளும் வைக்காதீர்கள், வைத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முன்பு போட்ட தற்காலிக அடைப்பிலும் இதே பொருள் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். பல்லில் புழு இருக்கிறது என்று சொல்லிக் குழல் வைத்து எடுத்துக் காட்டுகிறவர்கள் திருவிழாக் கூட்டங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். சொத்தைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. அவர்கள் தட்டில் காட்டும் புழு அவர்கள் கொண்டுவந்தது.

இனி உங்கள் பையன். விழப்போகிற பல்தானே என்று எல்லாரும் சொல்வார்கள். முன்பால்பல் ஏழு வயதில் விழும், நிஜம். பால் கடைவாய்ப் பல் விழுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அதுவரை அவன் மெல்ல வேண்டும், அடுத்து வரும் பல்லுக்கு அதுதான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. முன்கூட்டியே பிடுங்கினால் பின்னால் இருக்கும் பல் முன்னே சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், அப்புறம் கம்பி கட்ட அலைய வேண்டும். சின்ன சொத்தைக்கு ஜிஐசி போதும். வாயைத் திறந்து வைக்க மாட்டேன் என்று திமிறும் பிள்ளைக்கு அதுதான் கைகொடுக்கும். இரண்டு பக்கம் போயிருந்தால் எஃகுத் தொப்பி மாட்டுவது நன்றாக நிற்கும், பார்க்க வெள்ளியாக இருக்கும், அவ்வளவுதான். குடையவே விடாத குழந்தைக்கு சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தொட்டு வைத்துச் சொத்தையை நிறுத்திவைக்கலாம். அந்த இடம் கறுத்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. அவன் வாயில் பால்பற்களுக்குப் பின்னால், இருபுறமும், மேலும் கீழும் பெரிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைத்திருக்கும். ஆறு வயதையொட்டி வருவது. எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் உள்ள பல். அதன் பள்ளங்கள் ஆழமானவை, பிரஷ் முடி உள்ளே போகாது. சொத்தை பிடிக்கும் முன்பே அந்தப் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம். சீலண்ட் என்பார்கள், ஊசி இல்லை, குடைவது இல்லை. பையனைக் கூட்டிப்போகும் அன்றே கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன், சர்க்கரை ஆலை ஊர்க்காரருக்கு நான் என்ன சொல்வது. எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் ஏறி, எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணிக்கு மேல் ஆகும். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பது பரவாயில்லை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து தூங்கும்வரை ஒவ்வொன்றாகக் கொறிக்கும் கிரீம் பிஸ்கட் மோசம், பள்ளத்தில் அப்பிக்கொண்டு நகராது. ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்டால் தேய்த்துவிட்டு, அதற்கு மேல் தண்ணீர் மட்டும். அந்தப் பேஸ்ட் நுரையைத் துப்பச் சொல்லுங்கள், தண்ணீரை விட்டுக் கொப்பளித்து மொத்தமும் கழுவ வேண்டியதில்லை.

செலவு விஷயம். தனியார் கிளினிக்கில் ஜிஐசி சில நூறு ரூபாயில் முடியும். கம்போசிட் ஒரு பல்லுக்கு ஆயிரத்தையொட்டித் தொடங்கி, அளவையும் பொருளையும் பொறுத்து இரண்டாயிரம், அதற்கு மேலும் போகும். எக்ஸ்ரே தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பல்லுக்கும் சேர்த்து ஒரே நாளில் முடித்துத்தரச் சொல்ல வேண்டாம், இடுக்குப் பல்லுக்கு ஒரு நாள் தனியாகக் கொடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் வழி இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. சிதம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக 1980இல் தொடங்கியது இப்போது அரசுக் கல்லூரி. புதுச்சேரிப் பக்கம் வசதி என்றால் கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியும், அங்கேயே ஜிப்மரில் பல் பிரிவும் இருக்கின்றன. கடலூர் - புதுச்சேரி சாலையில் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, பஸ்ஸைவிட்டு இறங்கினால் போதும். கல்லூரிகளில் உங்களைப் பல் அடைக்கும் கன்சர்வேட்டிவ் பிரிவுக்கும் பையனைக் குழந்தைகள் பிரிவுக்கும் அனுப்புவார்கள்.

மாணவர்கள் போடுவார்களே என்று தயங்குகிறவர்கள் உண்டு. மாணவர் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார், ஒரு பல்லுக்கு அரைநாள் போகும், ரப்பர் டேம் மாட்டாமல் பெரும்பாலும் விட மாட்டார்கள். வேகம் இல்லை என்பதுதான் அங்கே உள்ள குறை. வெள்ளை பில்லிங்குக்கு அது குறையே இல்லை. சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள்.

கடலூரில் எக்ஸ்ரே எடுத்திருந்தால் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று எது சாப்பிட்டாலும் சீட்டோடு காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அப்போதும் அடைக்கலாம்; அவசரம் இல்லையென்றால் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் வைத்துக்கொள்வார்கள்.